இறங்கு, ஏறு

தூத்துக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில், யாக்கோபு காலிடுக்கில் நிறுத்திப் பிடித்திருந்த இரும்புத் தூணைக் கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்ன சார் இது, வேதக்கோயில் சாமானா?"

"படகுச் சாமான். ஸ்டியரிங் மாட்டுற தூணு."

"அருப்புக்கோட்டையில எங்க சார் கடலு?"

யாக்கோபு தூணுக்கும் ஒரு டிக்கெட் வாங்கினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் இன்ஜினோடு முப்பது வருடம் கிடந்தவர் அவர். ஓய்வு பெற்றபோது, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கினார். வீடு அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில், படகு தூத்துக்குடியில். மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் பெண்டாட்டி ரூத்தும் பஸ் ஏறிப் போய், பாய் விரித்துச் சுற்றிவிட்டு வருவார்கள்.

கரையை நெருங்கும்போது பாயை இறக்கிவிட்டு இன்ஜினைப் போட வேண்டும். ஸ்டியரிங் பின்னால் இருந்தது. இன்ஜின் லீவர்கள் இரண்டும் நாலு எட்டு தள்ளி, உள்ளறைக்கு இறங்கும் படியடியில் இருந்தன. ஒன்று வேகத்துக்கு, ஒன்று முன்னே பின்னே போவதற்கு. யாக்கோபு பின்னால் நின்று குரல் கொடுப்பார். ரூத் படியில் உட்கார்ந்து லீவரைத் தள்ளுவாள். அவள் திருச்சுழிப் பக்கம் கமலை இறைத்த வீட்டில் பிறந்தவள். முன்னே போக 'இறங்கு', பின்னே வர 'ஏறு' என்பது அவள் வைத்த பேர்தான். கமலை மாடு சரிவில் இறங்கினால் முன்னே போகிறது, பின்னால் ஏறினால் கிணற்றுக்குத் திரும்புகிறது. அவளுக்கு அது போதும். ஒரு தடவை படகில் வந்த பாதிரியார், "இறங்கு" என்ற குரல் கேட்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார்.

பிறகு ரூத்துக்குக் காது மங்கியது. மதுரையில் வாங்கிய காது மிஷின் விசிலடித்ததே தவிர பேச்சைக் கொண்டுவரவில்லை. பீரோவுக்குள் போய்விட்டது. போன வருடம், தொண்ணூற்றொன்று கார்த்திகையில், படகு கட்டும் கரைச்சுவர் பக்கம் வந்தபோது யாக்கோபு "ஏறு, ஏறு" என்று கத்தினார். இன்ஜின் சத்தத்தில் அவளுக்கு வேறு மாதிரி விழுந்தது. லீவரை முன்னே தள்ளினாள். படகின் மூக்கு உடைந்தது. அன்று இறங்கியவள் மறுபடி ஏறவில்லை.

லீவரைத் தூணுக்கு மாற்றிவிட்டால் ரூத் எதையும் தொட வேண்டாம். சும்மா உட்கார்ந்து வரலாம். அவளை மறுபடி படகில் ஏற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சென்னய்யாவின் டிராக்டர் பட்டறை பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் இருந்தது. வீட்டில் தெலுங்கும் தறியும். அவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டார். தூணைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள கூடுதான். கேபிளு ரெண்டும் உள்ளாலயே போயிரும். டிராக்டரு லீவரு போட்டுத் தாரேன். அது இழுத்தா வேகம், பரவால்லயாண்ணே?"

"வேணாம். தள்ளுனாத்தான் வேகம். இழுத்தாக் குறையணும். இல்லன்னா கரையப் போய் முட்டிருவேன்."

"ஏற்கெனவே முட்டுனீகளாமே."

"யாரு சொன்னா?"

"பாளையம்பட்டிக்கே தெரியுமுண்ணே."

இரண்டு நாளில் வேலை முடிந்தது. சென்னய்யா சிவப்புப் பெயின்டைக் குழைத்துக்கொண்டு, "முன்னு, பின்னுன்னு எழுதிரவா?" என்றார்.

"முன்ன தள்ளுற பக்கம் 'இறங்கு'ன்னு எழுதும். பின்ன இழுக்குற பக்கம் 'ஏறு'."

"யாருக்குண்ணே இது புரியும்?"

"புரிய வேண்டியவுகளுக்குப் புரியும்."

சென்னய்யாவின் வண்டியில் தூணை வீட்டுக்குக் கொண்டுவந்து யாக்கோபு முற்றத்தில் நிறுத்தினார். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ரூத் எழுந்து வந்தாள். எழுத்தைப் படித்தாள். லீவரை ஒரு தடவை முன்னே தள்ளினாள், பின்னே இழுத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே ஒத்த ஆளே போதும்" என்றாள்.

"அதுக்கில்ல ரூத்து."

அவள் அவர் வாயைப் பார்த்தாள். விளங்கவில்லை.

"அதுக்கில்லங்கேன். நீ பயப்படாம வரணும்னுதான்…"

இரண்டாவது தடவை கத்தவேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னண்ணே, சண்டையா?"

"ஒண்ணுமில்ல தாயி."

சோறு வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பதைக் கத்தலாம். இதை எப்படித் தெருவுக்குக் கேட்கக் கத்துவது? ரூத் கீரைக்குத் திரும்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவள் டிபன் கேரியரில் ஒரு தட்டு மட்டும் கட்டிக் கொடுத்தாள். அவளும் வந்த நாளில் இரண்டு தட்டு.

படகில் தூணை முடுக்கி, கேபிளைக் கோக்க மத்தியானம் ஆனது. தனியாகவே கிளம்பினார். பாய் விரித்தபோது காற்று நன்றாக இருந்தது. இதைப் பார் என்று சொல்லத் திரும்பினார். படியில் ஆள் இல்லை. லீவர் இருந்த இடத்தில் சென்னய்யா கொடுத்துவிட்ட தகரம் மூடியிருந்தது.

திரும்பி வந்து சுவரை நெருங்கும்போது, "ஏறு" என்று குரல் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். இன்ஜின் அப்படியே முன்னே தள்ளிக்கொண்டிருந்தது. சொன்னதைச் செய்யவேண்டிய கை தன்னுடையது என்று உறைக்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது. வேகத்தைக் குறைத்துப் பின்னே இழுத்தார். சுவரில் கட்டியிருந்த டயருக்கு ஒரு சாண் தள்ளிப் படகு நின்றது.

வாட்ச்மேன் கருத்தப்பாண்டி கயிற்றைப் பிடித்தார். "ஒத்தையாவே கொண்டாந்துட்டீகளே. அம்மா வரலயா?"

"வேல இல்லன்னு வரல."

டிபன் கேரியரைத் திறக்க மனம் வரவில்லை. தபாலாபீஸ் பக்கத்துக் கடையில் இன்லேண்ட் லெட்டர் ஒன்று வாங்கி, நின்றபடியே எழுதினார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவர் ரூத்துக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான்.

'லீவரை மாத்தினது நீ வேண்டாம் என்று இல்லை. நீ பயப்படாமல் கூட வரவேண்டும் என்று. இன்றைக்குத் தனியாகக் கரை சேர்த்துவிட்டேன். நன்றாக இல்லை. அடுத்த சனிக்கிழமை வா.'

ஒட்டிப் பெட்டியில் போட்ட பிறகுதான், கடிதத்துக்கு முன்னால் தான் வீடு போய்விடுவோம் என்பது உறைத்தது.

அப்படித்தான் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வந்தார்கள். திங்களும் கடிதம் வரவில்லை. செவ்வாய் முற்பகல் ரூத் முற்றத்தில் மிளகாய் வற்றலைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தது. அவள் தலை திரும்பவில்லை. இரண்டாவது மணியும் அடித்தது.

யாக்கோபு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, அவள் பார்வை படும் இடத்துக்குப் போய் நின்று, கையை வாசல் பக்கம் நீட்டினார்.

ரூத் அந்தக் கையைப் பார்த்தாள். மிளகாய்க் கையை உதறிக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள்.