எம். பிரான்சுவாவுக்கு நன்றி

குருசுக்குப்பத்து மெரினுக்கு அப்பா என்று ஒருவர் இருக்கிறார், பெயருக்கு. பதினோரு வருடத்துக்கு முன் பிரான்சுவா பாரிசுக்குப் போனார்; போனவர் அங்கேயே வேறு குடும்பம் தேடிக்கொண்டார். மெரினைக் கம்ப்யூட்டர் படிப்பு படிக்க வைத்தது அம்மா ரோசாதான், ஒரு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் உட்கார்ந்து.

அந்தக் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஒரு தொல்லை. எங்கோ வெளிநாட்டில் சிலர் எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம் என்று இலவசமாக விட்டிருந்த மென்பொருள் அது. குடும்பப் பெயர் இல்லாதவருக்குச் சீட்டே போடாது. செல்வாம்பாள் என்று ஒருத்தி காய்ச்சலோடு வந்து நின்றால் குடும்பப் பெயருக்கு எங்கே போவாள்? ரோசா அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துத் தள்ளிவிடுவாள். ஒருநாள் இரண்டு செல்வாம்பாள், இரண்டு புள்ளி. ஒருத்தியின் மாத்திரை இன்னொருத்திக்குப் போனது. திட்டு ரோசாவுக்கு, எல்லார் முன்னாலும்.

"குடும்பப் பேருக்குப் பதிலா வயசும் தெருவும் கேக்குற மாதிரி நானே சரி பண்ணி அனுப்புறேம்மா. ஏத்துக்கிட்டா நன்றி லிஸ்ட்ல பேரு போடுவாங்க. எம்பேரோட உம்பேரும் சேந்துதான் வரும்," என்றாள் மெரின்.

"எம்பேரு எதுக்குடி?" என்றாள் ரோசா. ஆனால் அன்றைக்கு வஞ்சிரம் வாங்கி வந்தாள்.

நான்கு மாதம் ஆனது. இது போதாது, அதைப் பிரித்து அனுப்பு, இன்னொரு முறை சோதித்துக் காட்டு என்று மென்பொருளை எழுதியவர்கள் சொன்னதையெல்லாம் மெரின் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். கடைசியில் சரி என்றார்கள். ஆனால் ஒப்பந்தப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டுமாம். சட்டப்படியான பெயர், குடும்பப் பெயர் கட்டாயம். குடும்பப் பெயர் வேண்டாம் என்று எழுதிய திருத்தத்துக்கே குடும்பப் பெயர் கேட்டார்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

முதலில் ரோசா என்றுதான் அடித்தாள். பிறகு பயம் வந்தது. ஆதாரில் இருப்பது அப்பா பெயர். இனிஷியல் மாறினாலே ஜெராக்ஸ் எடுத்து வா, கையெழுத்து வாங்கி வா என்று அலைய விடுகிற அலுவலகங்களைப் பார்த்து வளர்ந்தவள். நான்கு மாத உழைப்பு திரும்பி வந்துவிடுமோ என்று அதை அழித்துவிட்டு, பிரான்சுவா என்று அடித்தாள்.

புதிய பதிப்பு வெளியானது. நன்றிப் பட்டியலில் 'எம். பிரான்சுவா'.

ரோசா கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகத் தேடினாள். கண்டதும் கழற்றிவிட்டாள்.

"இதுலயும் அந்தாளுதானா," என்றாள். கண்ணாடியைக் கூட்டில் வைத்துவிட்டு, "சரி, வுடு. இனிமே புள்ளி வெக்க வேணாமில்ல?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

மெரின் விடவில்லை. அந்த மென்பொருளை நிர்வகிப்பவருக்கு அப்போதே எழுதினாள்: அடையாள அட்டையோடு பொருந்தாது என்று பயந்து அப்பா பெயர் கொடுத்துவிட்டேன், அம்மா பெயரை மாற்றிப் போட முடியுமா?

பதில் மறுநாளே வந்தது, மிக மரியாதையாக. வெளியான பட்டியலை மாற்றும் வழக்கமில்லை, மன்னிக்கவும். அடையாள அட்டை எதையும் நாங்கள் பார்ப்பதே இல்லை; நீங்கள் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அதையே போட்டிருப்போம்.