அத மட்டும் பாருங்க

கிட்டாரை ஒப்படைத்தபோது மனைவி சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். ஒயர் செருகும் ஓட்டை கரகரக்கிறது. கொஞ்சம் அசைந்தால் சத்தம் விட்டுப்போகிறது. "அத மட்டும் பாருங்க" என்றாள். அவளுடைய அக்காவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை; கூட இருந்து கவனிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூட மறுத்த பையின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்தபடி சொன்னாள். அந்த 'மட்டும்' தன் காதில் விழவில்லை என்று அவர் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். விழுந்துதான் இருந்தது.

அவருக்குத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை. கடை மேசைத் தராசு முதல் லாரி ஏறி நிற்கும் எடைமேடை வரை சோதித்து, திருகு திருகிச் சரிசெய்து, ஈய முத்திரை வைப்பார். ஒன்றும் வைக்காதபோது பூஜ்யம் காட்ட வேண்டும், வைத்ததை எடுத்த பிறகு பூஜ்யத்துக்கே திரும்ப வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கண் அதையேதான் தேடும். சாய்ந்த கடிகாரத்தை நிமிர்த்தாமல் அவரால் சாப்பிட உட்கார முடியாது. கல்யாணமான புதிதில் மனைவி தையல் மெஷினில் ஜன்னல் திரைகள் தைத்தாள். மடிப்பு ஒரு பக்கம் விரற்கடை இறங்கியிருப்பதை ஸ்கேல் வைத்துக் காட்டினார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவள் அடுத்த திரையைக் கடையில் வாங்கினாள். தையல் மெஷின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள் சேர்ந்தன. குற்றம் சொல்வது வேறு, தவறைச் சொல்வது வேறு என்பது அவர் கட்சி. அந்த வித்தியாசத்தை வீட்டில் வேறு யாரும் கண்டுபிடித்ததில்லை.

கிட்டார் மலிவான ரகம். செங்கல் பருமனில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் வந்தது. மகள் படிக்கப் போனபின் காலியான அறையில் மனைவி அதை வைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். பிறகு பாதி சாத்தினாள். ஒரு கட்டத்தில் சாத்துவதையே விட்டுவிட்டாள். அவர் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு கேட்பார். ஒரே இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, போன தடவை விழுந்த இடத்தைத் தாண்டும்போது அவள் 'ம்' என்று ஒரு சத்தம் போடுவாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. சங்கீதத்தில் அவருக்கு ஒரு அட்சரமும் தெரியாது. அதனால் அபிப்பிராயம் எதுவும் சொன்னதில்லை. கதவு திறந்ததற்குக் காரணமே அதுதான் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. அவருடைய சர்க்கரைச் சோதனைக்கும் அவள்தான் ஊசி போடுவாள். எப்போதும் இடது கை ஆள்காட்டி விரலால் முழங்கை மடிப்பைத் தடவி நரம்பைத் தேடுவாள். குழந்தைகள், கிழவர்கள், பருத்தவர்கள் யாராக இருந்தாலும் அந்த விரல் ஏமாறாது என்று ஆய்வகத்தில் பெயர். போன தடவை போயிருந்தபோது வலது விரலால் தடவினாள். என்னவென்று கேட்டதற்கு இடது கையை நீட்டிக் காட்டினாள். விரல்நுனிகள் உலர்ந்த சுண்டல்கடலை போலத் தடித்திருந்தன.

"நரம்பே தெரிய மாட்டேங்குது. மரத்துப் போச்சு. அதான் கைய மாத்திட்டேன்" என்றாள், பரிசு வாங்கியவள் மாதிரி.

இருபது வருஷப் பழக்கத்தை அவள் கிட்டாருக்காக மாற்றியிருந்தாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

ஊருக்குப் போனவளிடம் மகள் போனில் சொன்னாளாம்: "அப்பா கையிலயா குடுத்துட்டு வந்த? அது இனிமே கிட்டார் இல்லம்மா, தராசு. முத்திரை குத்தித்தான் தருவார்." மனைவி சிரித்ததாக மகளே பிறகு அவரிடம் சொன்னாள்.

ஒயர் செருகும் ஓட்டையின் கோளாறு எளிது. உள்ளே ஒரு ஒயர் பற்றுவிட்டிருந்தது. சூடுகோல் வைத்து ஈயம் ஒரு சொட்டு விட்டதும் சரியாயிற்று. வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் திருகாணிகளைத் திருப்பி மாட்டும்போது கம்பிகள் ஒரே உயரத்தில் இல்லை என்பதைக் கண்டார். கழுத்துத் தகட்டில் பதித்த ஃபிரெட் கம்பிகளில் ஒன்று தூக்கலாக இருந்தது. தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டில், நட் என்கிறார்கள், பள்ளங்கள் ஆழம் குறைவு. ஒரு வீடியோ பார்த்தார், பிறகு இன்னொன்று. எல்லா வீடியோவிலும் தன்னைப் போன்ற ஒருவர் மேசையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாரம் முழுக்க அதுவே வேலையாக இருந்தது. இடைவெளி அளக்கும் தகடுகள் அவரிடம் இருந்தன, மெல்லிய அரங்களும் இருந்தன. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவை எடுத்தார். ஃபிரெட்டுகளைத் தேய்த்துச் சமமாக்கி மெருகேற்றினார். நட்டின் பள்ளங்களை அரத்தால் ஆழமாக்கினார். முறுக்காணிகளையும் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பையும் நல்ல ரகமாக வாங்கி மாற்றினார். தடித்த பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, தொடங்குபவர் விரலுக்கு நோகாத மெல்லிய கம்பிகள் பூட்டினார். கழுத்தின் மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டி அவள் ஒட்டியிருந்தாள். விரல் வைக்க வேண்டிய இடங்கள் போலும். ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தன. ஸ்பிரிட் தொட்டு அவற்றையும் துடைத்தெடுத்தார். கழற்றிய உருப்படிகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். பிளாஸ்திரித் துண்டுகளைக் குப்பையில் போட்டார்.

அவள் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றியதும் நேரே அறைக்குப் போய்ப் பார்த்தாள். கிட்டார் பளபளத்தது. "இவ்வளவுமா?" என்றாள். விரலால் ஒரு கம்பியைத் தொட்டாள். "ரொம்ப நல்லா இருக்குங்க." பிறகு கழுத்தில் கட்டைவிரலை மேலும் கீழும் ஓட்டினாள், எதையோ தேடுவது போல. அவர் ஒவ்வொரு மாற்றமாக விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரி ஊழியர் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வார்டு நர்ஸ் ஒருத்தி பாட, இவள் கூட வாசிப்பதாக ஏற்பாடு. மேடையில் வாசிப்பேன் என்று ஒப்புக்கொண்டதைச் சொல்லவே மனைவிக்குச் சில நாட்கள் ஆகியிருந்தன. நர்ஸ் ஞாயிறு காலை வீட்டுக்கு ஒத்திகைக்கு வந்தாள். வாய் ஓயாத பெண். தராசுக்காரர் வீடு, எடை பார்க்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து பட்டினியாக வந்திருப்பதாகச் சொல்லி, தட்டில் இருந்த பிஸ்கட்டுகளைக் காலி செய்தாள். அவர் சமையலறையில் டீ போட்டார்.

பாட்டு தொடங்கியது, நின்றது. மறுபடி தொடங்கியது. மறுபடியும் நின்றது.

"அக்கா, சுருதி ஏறிப் போகுதுக்கா. எனக்கு மேல நிக்குது."

மனைவி டியூன் செய்யும் கருவியில் பார்த்தாள். ஆறு கம்பியும் சரி. வாசித்தால் மட்டும் பிசிறியது. பழைய கம்பிகள் ஊன்றி அழுத்தினால்தான் பேசும்; அவள் விரல்கள் அந்த பலத்திலேயே பாடம் படித்திருந்தன. மெல்லிய கம்பியை அதே பலத்தில் அழுத்தினால் அது இழுபட்டு சுருதி ஏறிவிடும். வீடியோவில் பார்த்ததால் அவருக்கு அது தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவருக்குப் பழக்கமில்லை. டீத் தட்டோடு வாசலில் நின்று சொன்னார்:

"கிட்டார்ல தப்பில்ல. நீதான் ரொம்ப அழுத்துற."

கடைக்காரர்களிடம் அவர் சொல்வதும் இதே மாதிரிதான். தராசு சரி, உங்கள் கைதான் பழைய தராசுக்குப் பழகியிருக்கிறது என்பார். அவர்கள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். மனைவி முணுமுணுக்கவில்லை. நர்ஸ் மட்டும் கண்ணைத் தட்டுக்குத் தாழ்த்தி, "டீ வந்துடுச்சு, குடிச்சிட்டுப் பாக்கலாம்கா" என்றாள். குடித்த பிறகு பார்க்கவில்லை. விழாவில் நர்ஸ் தனியாகப் பாடினாள். இவள் கூட்டத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களை விட அதிக நேரம் கைதட்டினாள்.

அதற்குப் பிறகும் அவள் சில நாள் வாசித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த 'ம்' சத்தம் வெளியே கேட்கவில்லை. அவர் வீட்டுக்குள் நுழையும் செருப்புச் சத்தத்தில் வாசிப்பு நின்றுவிடும். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பது போல எழுந்து வருவாள். ஒருநாள் கிட்டார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நின்றிருந்தது. அறை மூலையில் இஸ்திரி பலகை வந்திருந்தது.

இஸ்திரி பலகையைப் பார்த்த அன்றுதான் அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். பழைய தடித்த கம்பிகளைப் பூட்டினார். பழைய பிக்கப், பழைய முறுக்காணிகள் எல்லாம் இருந்த இடத்துக்கே போயின. கம்பிகளின் உயரத்தையும் கண்ணால் மதித்து ஏற்றினார். பழைய அளவு தெரியவில்லை. கழற்றுவதற்கு முன் அளந்து வைப்பது அவர் தொழிலின் முதல் பாடம். ஆனால் தவறான அளவை எதற்குக் குறித்து வைப்பது என்று அன்று விட்டிருந்தார். நட்டில்தான் மாட்டிக்கொண்டார். அரம் தின்ற பிளாஸ்டிக் திரும்ப வளராது. பள்ளத்துக்கடியில் காகிதம் மடித்து வைத்தார். கம்பி ஈ போல ரீங்கரித்தது. கடையில் அதே மாடலுக்கான புது நட் வாங்கிப் பொருத்தினார். அது வேறு விதமாக மோசமாக இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுருளை எடுத்துச் சிறு துண்டுகளாக வெட்டினார். கழுத்தின் மேல் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் துண்டுகளை விரல்நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி வேலையிலிருந்து வந்து அப்படித்தான் அவரைக் கண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க ஒட்டியிருந்தன்னு சொல்லு" என்றார்.

அவள் கிட்டாரின் கழுத்தைப் பார்த்தாள். விரலை ஓரிடத்தில் வைத்தாள், எடுத்தாள், வேறிடத்தில் வைத்தாள். "எனக்கே ஞாபகமில்லையே" என்றாள். பிறகு, அவருக்கு ஆறுதல் சொல்வது போல, "விடுங்க. அது ஒரு ஆசை. இத்தனை வயசுக்கு மேல அது போதும்" என்றாள். அவர் விரல்களிலிருந்து பிளாஸ்திரித் துண்டுகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். வலிக்காமல் உரிப்பது அவளுக்குத் தொழில்.

அடுத்த முறை சர்க்கரைச் சோதனைக்குப் போனபோது ஆய்வகத்தில் கூட்டம் இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். மனைவி ரப்பர் பட்டையைக் கட்டினாள். இடது கை ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்தாள். அது மெதுவாக நகர்ந்தது, நின்றது. நரம்பைக் கண்டுகொண்டது. அவர் குனிந்து பார்த்தார். விரல்நுனி மிருதுவாக, பழையபடி இருந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கைய லூசா விடுங்க, சுருக்குனு இருக்கும்" என்றாள், எல்லோரிடமும் சொல்வதைப் போலவே.

குழாய் நிரம்பியதும் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்தாள்.

"அழுத்திப் பிடிங்க."

அவர் அழுத்திப் பிடித்தார். போதும் என்று அவள் சொல்ல மறந்துவிட்டாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் அவர் அழுத்திக்கொண்டேதான் இருந்தார்.