ஒரே பேட்டரி

கட்டிலுக்கு அடியில் தலையையும் வலது கையையும் விட்டு அவன் துழாவிக்கொண்டிருந்தபோது, அழுகிறான் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர். எழுந்திருங்க தம்பி, உங்களை மாதிரி யார் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவன் வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். கையில் ஒரு சட்டைப் பொத்தானும் கொஞ்சம் தூசியும்தான் சிக்கியிருந்தன. கட்டிலின்மேல் அக்கா கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தாள். அவன் தேடியது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை. செத்துப்போனவளுக்கு இனி எதற்குக் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் இருந்தது, ஆனால் அதை வாயைத் திறந்து சொல்ல முடியாது.

காலை ஆறு மணிக்கு டீ எடுத்துப்போன மனைவிதான் முதலில் பார்த்தாள். டாக்டர் ஏழு மணிக்கு வந்து நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது, விடியும் நேரமாக இருக்கலாம், தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது என்றார்.

"சிரமப்பட்டிருக்க மாட்டாங்க."

"அது எப்படி டாக்டர் தெரியும்?"

டாக்டர் குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். முகம் அமைதியாக இருக்கிறதே என்றார். அவனுக்கு அது போதவில்லை. அக்காவின் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். இரண்டு நாள் பல்வலியில் துடித்தபோதும், கூடவே இருந்த அவனுக்குக் கன்னம் வீங்கிய பிறகுதான் தெரிந்தது.

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு கால்களும் போயின. நாற்பது தாண்டியதும் வலது கை விரல்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. மிச்சம் இருந்தவை இடது கையும் வாயும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தையல் வேலை பார்த்தாள். அவன் வாஷிங்மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கைவசம் இருந்த தொழிலையெல்லாம் அக்காவிடம் காட்டினான். தையல் மெஷினின் கால்விசையைக் கழற்றி, முழங்கையால் அழுத்துகிற மாதிரி மேஜை விளிம்பில் வைத்தான். கட்டிலிலிருந்து சக்கரநாற்காலிக்கு நகர வழுவழுப்பான பலகை ஒன்று இழைத்தான். குளியலறைச் சுவரில் பிடிகம்பி அடித்தான். எட்டாத பொருளை எடுக்க, சைக்கிள் பிரேக்கை வைத்து ஒரு கொக்கிக்கோல் செய்தான். எட்டாத இடத்திலும் மூக்கை நுழைப்பதால் அந்தக் கோலுக்கு அக்கா 'சித்தப்பா' என்று பெயர் வைத்தாள். கழுத்தில் தொங்கிய அழைப்புமணிக்கு 'வாயாடி' என்று பெயர். பொத்தானை அழுத்தினால் அடுக்களைச் சுவரில் இருக்கும் பெட்டி அலறும். ஒருமுறை அடித்தால் தண்ணீர். இரண்டு முறை என்றால் வந்து திருப்பிப் படுக்க வை. மூன்று முறை என்றால் போட்டது போட்டபடி ஓடி வா. அக்கா மூன்று முறை அடித்ததே இல்லை.

இதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. மணி, கடிகாரம், தெர்மாமீட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பேட்டரி, காசு மாதிரி வட்டமானது. தேடித் தேடி வாங்கினான். பொருந்தாததைப் பிரித்துப் பொருந்த வைத்தான். நாலு சாமானுக்கு நாலு தினுசு பேட்டரி வாங்குகிறவன் முட்டாள், அவசரத்துக்கு ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடலாமே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். கல்யாணத்துக்குப் பெண் தேடியபோதுகூட நீ இவ்வளவு அலையவில்லை என்று அக்கா கேலி செய்வாள்.

அந்தப் பெருமைதான் இப்போது அவனைத் திருப்பி அடித்தது.

நேற்று மாலை அக்காவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரி வைக்கிற தகர டப்பாவும் காலி. ஒரு நிமிஷம் என்று சொல்லி, மணியைப் பிரித்து அதிலிருந்ததை எடுத்துத் தெர்மாமீட்டரில் போட்டான். தொண்ணூற்றொன்பது காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை. அதற்குள் போன் அடித்தது. ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மெஷின் கதவு திறக்கவில்லை, துணியெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கிறது. கால் மணி நேரம் போனிலேயே வைத்தியம் சொன்னான். அதற்குப் பிறகு நடந்தது மட்டும் நினைவில் இல்லை. ஒன்பது மணிக்கு அக்காவைப் பலகையில் நகர்த்திக் கட்டிலில் படுக்க வைத்து, மணியைக் கழுத்தில் மாட்டியது நினைவிருக்கிறது. அவள் கேட்டதும் நினைவிருக்கிறது.

"எல்லாம் வச்சிட்டியாடா?"

"வச்சிட்டேன்க்கா."

எதை வைத்தான்? பேட்டரியை மணியில் திரும்பப் போட்டானா இல்லையா? காலையிலிருந்து அதே இடத்தில் வந்து புத்தி முட்டிக்கொண்டு நின்றது. போடவில்லை என்றால், விடியும் நேரத்தில் மூச்சு முட்டி, கத்தக் குரல் வராமல், அவள் பொத்தானை அழுத்தியிருப்பாள். ஒருமுறை, இரண்டு முறை, மூன்று முறை. சுவருக்கு இந்தப் பக்கம் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தம்பி வருவான் என்று நினைத்துக்கொண்டே அவள் போயிருப்பாள்.

மணி அவள் கழுத்தில்தான் இருந்தது. கயிறு தெரிந்தது, பொத்தான் போர்வைக்குள் இருந்தது. அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மிக்ஸி ஓடும்போதும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை உச்சத்தில் வைத்தவனும் அவனேதான். சாவு வீட்டில் அது அலறினால் என்ன சொல்வது? ஒருமுறை துணிந்து கயிற்றின்மேல் கையை வைத்தான். மாடிவீட்டு நர்ஸ் உள்ளே வந்ததும் கையை இழுத்துக்கொண்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. சத்தமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது. தெர்மாமீட்டர் எரிந்தால் மணியில் பேட்டரி இல்லை. எரியாவிட்டால் இருக்கிறது. அந்தத் தெர்மாமீட்டரைத்தான் காணவில்லை.

தபால்காரர் கட்டிலை ஒட்டிய அலமாரியைக் காட்டினார்.

"கடிகாரத்தைக் கவனிச்சீங்களா தம்பி? ஒம்பது இருவதுல நின்னிருக்கு. உசிரு போறப்ப அதுவும் நின்னுரும்னு சொல்வாங்க."

விடியும் நேரம் என்று டாக்டர் சொன்னதற்கும் ஒன்பது இருபதுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் தபால்காரர் வாழ்நாள் முழுக்க நேரத்துக்குப் பயந்து நடந்தவர். இனியாவது தம் இஷ்டப்படி ஒரு நேரத்தை நம்பட்டும் என்று அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

பதினொரு மணிக்கு மனைவியும் நர்ஸும் வெந்நீரோடு வந்தார்கள். குளிப்பாட்டி உடை மாற்ற வேண்டும், ஆண்கள் வெளியே இருங்கள் என்றாள் நர்ஸ். மனைவி தலையணையை நகர்த்தியபோது அதன் கீழே நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் கிடந்தது.

"படுக்கையில கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு படுத்திருக்காங்க பாருங்க. குத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் பேசாமல் அதை அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவன் வாசலில் நின்றபடி அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

"ராத்திரி உனக்குப் பெல் சத்தம் ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லைங்களே. அண்ணி அடிச்சாங்களா?"

"தெரியல."

"அடிச்சிருந்தா கேட்டிருக்கும். செத்தவனையும் எழுப்பற சத்தமாச்சே அது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் கையை ஒரு முறை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய நம்பிக்கைதான் அவனை அதிகமாக வதைத்தது. பெல் அடித்தால்தானே கேட்கும் என்று கதவைப் பார்த்துச் சொல்லத் தோன்றியது.

வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்று தபால்காரர் காலையிலேயே சக்கரநாற்காலியை மடக்கி பால்கனியில் சாத்தியிருந்தார். அது கண்ணில் பட்டதும் அவனுக்குப் பொறி தட்டியது. நாற்காலியின் பக்கவாட்டில் அக்கா தானே தைத்துக்கொண்ட பை ஒன்று உண்டு. கையை விட்டான். அளவுநாடா, சாக்குக்கட்டி, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் அடியில் தெர்மாமீட்டர். போன் பேசுகிற அவசரத்தில் அவன்தான் அதற்குள் போட்டிருக்க வேண்டும். எரியக்கூடாது, எரியக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

எரிந்தது. கடைசியாகப் பார்த்த தொண்ணூற்றொன்பதைப் பொறுப்பாகக் காட்டியது.

அவன் நாற்காலியை விரித்து அதில் உட்கார்ந்துவிட்டான். இருபது வருடத்தில் அதில் அவன் உட்கார்ந்ததில்லை. கீழே தெருவில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் கேன் வண்டி ஒன்று நின்று கிளம்பியது. நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தான். அந்தச் சொல்லைத் தவிர மனத்தில் வேறெதுவும் இல்லை. தபால்காரர் டீயைக் கொண்டுவந்து நீட்டினார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லையே என்று கடிந்துகொண்டார். வேண்டாம் என்றான். அவர் டீயைப் பால்கனிச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போனார், அது அங்கேயே ஆறிப்போனது.

கதவு திறந்தபோது அக்கா நீலப் புடவையில் இருந்தாள். அவளே ஓரம் அடித்த புடவை. கழுத்தில் கயிறு இல்லை. பெல்லைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன், ஞாபகத்துக்கு வேண்டுமென்றால் எடுத்துவையுங்கள், அரை மணி நேரத்தில் வண்டி வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, வந்தவர்களைக் கவனிக்க மனைவி அடுக்களைக்குப் போனாள்.

அவன் மணியைக் கையில் எடுத்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி இருக்கும். அந்தக் காலிக் குழியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பார்த்தால்தான் தண்டனை முழுமையாகும் என்று தோன்றியது. பின்பக்கம் திருப்பியதும் கை நின்றது. திருகாணி பாதிதான் முறுக்கியிருந்தது. அதைச் சுற்றி பிளாஸ்டிக்கில் புதுக் கீறல்கள். இது அவன் கைவேலை இல்லை. அவன் போட்ட திருகாணி ஒன்றுகூட இந்த வீட்டில் பாதியில் நின்றதில்லை.

விரல் நகத்தாலேயே மூடியைத் திறந்துவிட முடிந்தது. உள்ளே பேட்டரி இருந்தது.

அவன் அலமாரியைப் பார்த்தான். ஒன்பது இருபதில் நின்ற கடிகாரம். பக்கத்தில் சின்னக் கத்தரிக்கோல். கட்டில் கம்பியில் தொங்கிய கொக்கிக்கோல் சித்தப்பா. கடிகாரத்தை எடுத்துத் திருப்பினான். பின்மூடி இல்லை, குழி காலி.

தொழில் தெரிந்தவனுக்கு மீதியைப் புரிந்துகொள்ள நேரமாகவில்லை. அவன் அறையை விட்டுப் போனதும் மணி கனமில்லாமல் இருப்பதை உணர்ந்திருப்பாள், அல்லது அழுத்திப் பார்த்திருப்பாள். தெர்மாமீட்டர் எட்டாத தூரத்தில் நாற்காலிப் பைக்குள் கிடந்தது. கடிகாரம் சித்தப்பாவுக்கு எட்டும். அதைக் கொக்கியால் இழுத்துப் படுக்கையில் போட்டு, விரல்கள் செயலிழந்த வலது கையின் முழங்கையால் அமுக்கிப் பிடித்து, இடது கையால் கத்தரிக்கோல் முனையை விட்டுத் திருகியிருப்பாள். கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். அப்போது அவன் அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கொடுத்திருந்தால் மறந்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து தெர்மாமீட்டரைத் தேடி அலைந்திருப்பான். அது அவளுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அந்தக் கோலாலேயே கடிகாரத்தை இருந்த இடத்தில் நிறுத்தியும் வைத்திருக்கிறாள். அக்கா என்று அவனுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது.

ஆனால் அழவில்லை, பயம் இன்னும் மிச்சம் இருந்தது. பேட்டரி இருப்பது வேறு, மணி அடிப்பது வேறு. மேல்பக்கம் கூட்டல் குறி தெரிந்தது, சரியாகத்தான் போட்டிருந்தாள். இருந்தாலும் கம்பி தொடாமல் இருந்திருக்கலாம். ஓட்டிப் பார்க்காமல் எந்த மெஷினையும் சரியென்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அடிக்காவிட்டால், அவள் அவ்வளவு பாடுபட்டதும் வீண், கூப்பிட்டதும் யாருக்கும் கேட்கவில்லை. அடித்தால், கூப்பிட வழி இருந்தது, அவள் கூப்பிடவில்லை.

வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. அவன் மூடியைப் பொருத்தி, திருகாணியைக் கடைசிவரை முறுக்கினான். அக்காவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பொத்தானை ஒருமுறை அழுத்தினான்.

அடுக்களையில் வாயாடி அலறியது.

கூடத்தில் பேச்சு அறுந்தது. நர்ஸ் சட்டென்று கட்டிலைப் பார்த்தாள். தபால்காரர் எழுந்து நின்றுவிட்டார். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, குழாய் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு வேகமான காலடிகள்.

மனைவி கதவுவரை வந்துவிட்டாள். கையில் அக்காவின் பிடிவைத்த கோப்பை நிறையத் தண்ணீர், வளைந்த உறிஞ்சுகுழல் இடது பக்கமாகத் திருப்பியிருந்தது. வாசற்படியில் நின்று கட்டிலைப் பார்த்தாள். பிறகு அவனையும், அவன் கையில் இருந்த மணியையும். கோப்பையில் தண்ணீர் ஆடியது.

அவன் போய் அவள் கையிலிருந்து கோப்பையை வாங்கினான். அங்கேயே நின்று குழலில் வாயை வைத்து, அடியில் காற்று இழுக்கிற சத்தம் வரும்வரை குடித்தான்.