கோடு தாண்டியாச்சு

தெரு முழுக்க அவளை டிரில் டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அவள் புருஷனும் அப்படித்தான் கூப்பிடுவார். முப்பது வருஷம் விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டு, கூடவே தானும் ஓடி, வலது முழங்கால் மூட்டு தேய்ந்தே போயிற்று. அதை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்து ஐந்து வாரம் ஆகிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "இனிமே நீங்க ஓடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தையல்காரருக்கு அலுத்துப் போயிருந்தது. அதை மூடி மறைப்பானேன். விடிந்தால் ஐஸ் ஒத்தடம், மாத்திரை, கைத்தாங்கலாகக் குளியலறை, கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாய் சாப்பாடு. மெஷினில் யாருடைய பேண்டோ ஒரு கால் தைத்தபடி பத்து நாளாகக் கிடந்தது.

"வலிக்குதா டீச்சர்?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"ஒண்ணுமில்ல."

அந்த ஒண்ணுமில்லைதான் அவரைக் கொன்றது. வலி என்றால் மாத்திரை இருக்கிறது. ஒண்ணுமில்லைக்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது?

வாரம் ஒரு தரம் வரும் பிசியோதெரபிப் பெண் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு பின்னுக்கு இழுக்க வேண்டும். குதிகால் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு. மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்டி இன்னும் பின்னால் போக வேண்டும். ஒரு வேளைக்கு இருபது தரம், நாளைக்கு மூன்று வேளை. துணியில் போடுகிற சாக்பீஸால் சிமென்ட் தரையில் அவர் கோடு போட்டார். முதல் வாரம் கோடு நகர்ந்தது. அப்புறம் அவள் ஒரே ஒரு தரம் இழுத்துவிட்டு "போதும்" என்பாள். குதிகால் கோட்டைத் தொடாமலே நின்றுவிடும். கோட்டைப் பார்ப்பாள், முகம் தொங்கிப்போகும், மறுபடி கட்டில்.

ஒருநாள் காலை அவருக்குத் தாங்கவில்லை. அவள் எழுந்து வருவதற்குள் பழைய கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, இரண்டு விரல்கடை முன்னால் தள்ளிப் புதுசாகப் போட்டார். குதிகால் வழக்கமான இடத்துக்கு வந்து நின்றது. கோடு தாண்டிவிட்டது.

"தாண்டிட்ட டீச்சர்!" என்று கைதட்டினார். அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து சாயங்காலம் குதிகாலில் கோடு, காலையில் அது இரண்டு விரல்கடை முன்னால். பிசியோதெரபிப் பெண் கணக்கு எழுதி வைக்கச் சொல்லியிருந்த நோட்டில் தினமும் 'மூன்று வேளையும் செய்தாள், கோடு தாண்டியாச்சு' என்று எழுதினார். துணியில் அரை அங்குலம் பிசகினால் பிரித்துத் தைக்கிற மனுஷன்!

இன்றைக்குப் பிசியோதெரபிப் பெண் வந்தாள். கோணம் அளக்கும் ஸ்கேலை முழங்காலில் வைத்துப் பார்த்தாள்.

"அறுபத்தெட்டு டிகிரி. போன வாரமும் அதேதான்." நோட்டைப் புரட்டினாள். "நீங்க ஒரு வேளைகூட விடல. அப்படியும் மடங்கலன்னா உள்ள தழும்பு இறுகிப் போச்சுன்னு அர்த்தம்மா. அடுத்த வாரம் தொண்ணூறு டிகிரியாவது வரலன்னா, டாக்டர் மறுபடி மயக்கம் கொடுத்து வலுக்கட்டாயமா மடக்கிவிடுவார்."

அவள் சண்டை போடுவாள் என்று அவர் காத்திருந்தார். ஒரு பந்துக்காகத் தலைமை ஆசிரியரையே உண்டு இல்லை என்று ஆக்கியவள்.

"பண்ணட்டும்," என்றாள். "மயக்கம் தெளியாட்டியும் பரவாயில்ல."

அவர் நோட்டை வாங்கி மூடினார். எல்லாம் தன் சாக்பீஸ் செய்த வேலை.

"அந்த நோட்டு பொய்யிம்மா," என்றார் பிசியோதெரபிப் பெண்ணிடம். "அவ ஒரு தரம்தான் இழுப்பா. கோட்டை நான்தான் தினமும் முன்னால தள்ளி வச்சேன். அவளுக்குத் தெரியாது."

"தெரியும்," என்றாள் டீச்சர்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் லாங் ஜம்ப்புக்குக் கோடு போட்டவ நான். நகர்ந்த கோடு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்த?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இவனால எந்தக் காலத்துலயும் தாண்ட முடியாதுன்னு தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுங்களுக்கு மட்டும் நான் கோட்டைக் கிட்டத்துல போடுவேன், அழாம வீட்டுக்குப் போகட்டும்னு. நீங்களும் என்னை அதுல சேத்துட்டீங்கன்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. "காலையில கண்ணு முழிச்சா, ஏன்தான் விடியுதோன்னு இருக்குங்க. காலை மடக்கி எங்க போகப்போறேன்?"

ஐந்து வாரத்தில் இப்போதுதான் அழுதாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனசு வலித்தது. கூடவே, வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஒண்ணுமில்லை என்று அவள் சொல்லவில்லையே.

பிசியோதெரபிப் பெண் ஸ்கேலைப் பையில் வைத்தாள். "நான் காலை மட்டும் அளந்துட்டுப் போயிட்டேன். உங்களைக் கேட்டிருக்கணும்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் மனசு இப்படி விழுந்துபோறது உண்டு. இதுக்கும் வைத்தியம் இருக்கு. இப்பவே டாக்டர்கிட்ட பேசறேன்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அசல் கோட்டைப் போடுங்க."

அவர் தன் முழங்கால் முனகக் குனிந்து, பொய்க்கோட்டை அழித்து, குதிகாலை ஒட்டிப் போட்டார். அவள் பல்லைக் கடித்து இழுத்தாள். பாதம் அசையவில்லை. அவர் கை தன்னாலே கோட்டின் பக்கம் போயிற்று.

"கையை எடுங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் மறுபடி இழுத்தாள். மறுபடியும். அப்புறம் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள்.

அவர் நோட்டை எடுத்து எழுதினார்: 'தாண்டவில்லை. மூன்று தரம் இழுத்தாள்.'