பங்கு பிரித்த கோயில்

தையல்காரிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் புதுச் சாமியார் வருகிறார். இடிந்து கிடக்கும் மாதா கோயிலுக்கு, ஊர்ச்சனம் எடுத்துப்போன மரமாவது திரும்பி வந்திருந்தால் கூரை போடுவார். இல்லையென்றால் கல்லறைத் தோட்டத்தோடு சேர்த்து நிலத்தை விற்றுவிடுவார்கள். அவள் அம்மாவைப் புதைத்தது அங்கேதான்.

அந்தக் கோயில் புயலில் விழவில்லை, ஒரே ஒரு வார்த்தையில் விழுந்தது. கோயில் பாஷையில் பங்கு என்றால் ஒரு சாமியாரின் கீழ் வரும் சனம். ஆற்றுக்கு அக்கரையில் சனம் பெருகியதால் பங்கை இரண்டாக்க மேலிடம் முடிவு செய்தது. மணியடிக்கும் அவள் அப்பா பூசை முடிந்ததும் எழுந்து, "பங்கு பிரிக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மேற்கொண்டு விளக்க வாய் வலித்ததோ என்னவோ! ஊருக்குத் தெரிந்த பங்கு சொத்துப் பங்குதானே? மேலிடத்துக்காரன் அள்ளுவதற்குள் நம் பங்கை எடுத்துக்கொள்வோம் என்று சனம் வண்டியோடு கிளம்பியது. ஓடு ஒருவனுக்கு, உத்திரம் ஒருவனுக்கு. பழைய சாமியார் குறுக்கே நின்று கத்தினார். யார் காதில் ஏறியது? சுவர்தான் மிஞ்சியது.

கோயில் கதவு இப்போது தச்சன் வீட்டு வாசலில் நின்றது. தையல்காரி அங்கே போனாள்.

"அண்ணே, கதவைக் குடுத்துடுங்க. நீங்க குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க."

"ஊரெல்லாம் கேக்குறியே தங்கச்சி, உன் வீட்டுல கேட்டியா? நான் கால் போட்டுக் குடுத்த தையல் மேசையைக் கவுத்துப் பாரு, போ."

அவளுக்குச் சுருக்கென்றது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மிஷினை இறக்கிவைத்து மேசையைப் புரட்டினாள். அடியில் செதுக்கிய சிலுவை. கோயிலில் பூசை வைக்கும் பீடத்துப் பலகை!

கட்டிலில் கிடந்த அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா, பங்குன்னா என்னன்னு உங்களுக்குமா தெரியாது?"

"தெரியும்மா. எல்லாரும் எடுத்தாங்க. உங்கம்மா வேற மேசை மேசைன்னு கேட்டுட்டே இருந்தா."

ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. மேசையைக் கொடுத்தால் பிழைப்புக்கு என்ன வழி? கொடுக்காவிட்டால் அம்மா எங்கே கிடப்பாள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கத்தைத் தூக்கினாள், கனத்தது. மறுபக்கமும் எழும்பியது. அப்பா!

தள்ளாடித் தள்ளாடி இருவரும் தெருவில் இறங்கினார்கள். தச்சன் வீட்டு முன்னால் அப்பா நின்று, பூசையில் அறிவிக்கும் அதே குரலில் கத்தினார்.

"பங்குன்னா நாமதான்யா! சொத்து இல்ல! அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்!"

தச்சன் உள்ளே போய்ச் சுத்தியலோடு வந்து, தன் வாசல் கதவின் கீலைத் தட்டிக் கழற்ற ஆரம்பித்தான்.