கோமளவல்லி வீட்டுப் பகா எண்

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, 73939133 என்ற எண் கோமளவல்லி வீட்டு விசைத்தறிக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்தது. எட்டு இலக்கங்களும் இடுப்பு உயரம், கருங்கல் நிறம். தம்பிகள் ஹேமநாதனும் சக்திவேலும் கொட்டகையை இரண்டாக்கச் சுவர் எழுப்பக் கயிறு பிடித்திருந்த இடத்தை அது அடைத்துக்கொண்டது.

தம்பிகளுக்குள் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. காரணம் இருவருக்குமே மறந்துவிட்டது, ரோஷம் மட்டும் மறக்கவில்லை. தறிகளைப் பிரித்தாயிற்று, பாத்திரங்களைப் பிரித்தாயிற்று. சின்ன வயதிலேயே கணவனை இழந்து பள்ளிப்பட்டிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட அக்காவையும் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பிரித்துவிட்டார்கள். கோமளவல்லியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயுசு முழுக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமே என்று தனக்குள் புலம்பினாள். வாய்விட்டுச் சொன்னால் உள்ள சோறும் போய்விடுமோ என்று பயந்தாள்.

எண்ணையும் பங்கு போட்டு அப்புறப்படுத்துவது என்று தம்பிகள் முடிவு செய்தார்கள். அதையும் அக்கா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடப்பாரை போட்டுச் சமபாகமாக நெம்பினால் நடுவில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சிய ஒன்று, பிரிந்த இரண்டையும் இழுத்து மறுபடி ஒட்டவைத்துக்கொண்டது. பெண்டாட்டி பிள்ளைகளைச் சேர்த்து ஐந்தாக, ஆறாகப் பிரித்தும் அதே கதைதான். அரக்கோணத்துக் கல்லூரியில் கணக்கு நடத்தும் பக்கத்து வீட்டுக் காஞ்சனா, போக வேண்டிய ரயிலை விட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

"இது பகா எண்ணுங்க. ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது."

திருத்தணியில் எது முரண்டு பிடித்தாலும் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொள்வார்கள். மலையடிவாரத்தில் மொட்டையடிக்கும் பச்சையப்பன் கத்தியோடு வந்து, தண்ணீர் தெளித்து, வலது ஓரத்திலிருந்து மழித்தார். கடைசி 3 சத்தமில்லாமல் உதிர்ந்தது. மீதி 7393913, அதுவும் பிரியவில்லை. இன்னொரு இலக்கம் போய் 739391, அதுவும் அப்படியே. காஞ்சனா கைப்பேசியில் போட்டுப் பார்த்துக் கைதட்டினாள். "எவ்ளோ மழிச்சாலும் மிச்சம் பகா எண்தாங்க. இந்தக் குணத்துல இதவிடப் பெரிய எண்ணே கெடையாது!"

மழித்து மழித்து 7 மட்டும் நின்றது. அதையும் கடப்பாரையால் நெம்பினார்கள்: ஹேமநாதனுக்கு மூன்று, சக்திவேலுக்கு மூன்று. ஒன்று நடுவில் தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் கோமளவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நைனா போனப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் நான்தான்டா சோறு போட்டேன். என்னியே கூறு போட்டுகினு இருக்கீங்களே, எனக்கு வலிக்காதா? நான் எங்கியும் போமாட்டேன்."

"அண்ணா, அக்கா எங்கியும் போவ வேணாம்" என்றான் சக்திவேல்.

"ஆங்" என்றான் ஹேமநாதன். இரண்டு மூன்றுகளும் நகர்ந்து போய் நடுவில் நின்ற ஒன்றோடு சேர்ந்துகொண்டன.

சுவர் எழவில்லை. மொட்டை போட்டால் முடி முளைக்கத்தானே வேண்டும். தை மாதம் அது 73 ஆனது, சித்திரையில் 739. தறி ஓட்டுபவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், கோமளவல்லி அதன் மேல் நூலைக் காயப் போடுகிறாள். லுங்கி எடுக்க வரும் வியாபாரிகள் இது யாருடைய வீடு என்று கேட்டால், தம்பிகள் இருவரும் "எங்க அக்கா வூடுங்க" என்கிறார்கள்.