காளானுக்குக் காது உண்டு

என் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை கை நழுவி அழுதுகொண்டு நிற்கிறது என்று மைக்கில் சொல்லிச் சொல்லியே பணிக்காலத்தை முடித்தார். ஓய்வு பெற்ற அன்று மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குரலை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அது நேராக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நான் நர்ஸ். எனக்கு நிரந்தர இரவுப் பணி. ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வீடு திரும்பி, ஊர் வேலை பார்க்கும் நேரத்தில் தூங்குகிறவள். அதற்காகவே பின்பக்க அறையை இருட்டாக்கி வைத்திருந்தேன். ஜன்னலில் கனத்த திரை, திரைக்குப் பின்னால் அட்டை, அட்டையின் ஓரமெல்லாம் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி. வெளிச்சத்தை ஒருவழியாகத் துரத்திவிட்டேன். சத்தத்துக்கு ஒட்டப் பிளாஸ்திரி கிடைக்கவில்லை.

என் வீட்டில் உப்பு டப்பா காணாமல் போனாலும் அது பொது அறிவிப்பாகத்தான் வரும். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவரைவிட இவர் உரக்க அபிப்பிராயம் சொல்வார். வெளியூரில் இருக்கும் தன் அக்காவுடன் போனில் பேசும்போது, போன் என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே வீண் என்று தோன்றும். நானும் நயமாகச் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருமுறை அழுதும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். தான் சாதாரணமாகத்தான் பேசுகிறாராம், எனக்குத்தான் காது கூர்மையாம்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே தூங்கிப்போய்க் கதவில் மோதினேன். புட்டிகள் உருண்டன. வார்டே விழித்துக்கொண்டது. நோயாளிகளை எழுப்புவதற்கென்றே ஒரு நர்ஸ் நமக்கு வாய்த்திருக்கிறாள் என்று தலைமை நர்ஸ் பாராட்டிவிட்டு, இன்னொரு முறை நடந்தால் வார்டு வேலையை மறந்துவிடச் சொன்னார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். இவர் டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காமல் “ம்” என்றார். அந்த “ம்” மட்டும் எப்படியோ மெதுவாக வந்தது.

அப்படிப்பட்டவருக்குத்தான் காளான் ஆசை வந்தது. வீட்டிலேயே காளான் வளர்ப்பது எப்படி என்று ஒரு நாள் வகுப்புக்குப் போனார். ஆரம்பநிலையில் உள்ளவர்களுக்கான வகுப்பு. திரும்பி வரும்போது ஆரம்பநிலையெல்லாம் தாண்டி நிபுணராக வந்தார். கையில் காளான் வித்துப் பொட்டலம், தோளில் வைக்கோல் கட்டு. குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் என் பெரிய பாத்திரத்தில் வைக்கோல் வெந்தது. வீடு முழுக்க மாட்டுக் கொட்டகை நாற்றம். வெந்த வைக்கோலை ஆறவைத்து, பிழிந்து, பாலித்தீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு பிடி வித்து என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாயைக் கட்டி, சுற்றிலும் ஓட்டை குத்தினார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தலையணை உறையைக்கூட மாட்டியறியாத கைகள் அவை.

அப்புறம்தான் விஷயம் வந்தது. பைகளைத் தொங்கவிட இருட்டான, குளிர்ச்சியான அறை வேண்டுமாம். வீட்டில் அப்படி ஓர் அறை இருப்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிய வந்தது போல என் அறையைப் பார்த்தார். அந்த இருட்டு நான் எனக்காகப் பாடுபட்டு உண்டாக்கியது என்று சொல்லிச் சண்டை போடத் தயாரானேன். அதற்குள் அவர் ஒரு சந்தேகம் கேட்டார்.

“பையைத் தொங்கவிட்ட பிறகு தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னார். தொந்தரவுன்னா, சத்தமும் அதுல சேர்த்தியா? நீ ஆஸ்பத்திரிக்காரிதானே, சொல்லு.”

மாஸ்டர் பையை ஆட்டாதே, அசைக்காதே என்ற பொருளில் சொல்லியிருப்பார். பேருந்து நிலையத்தில் வாழ்ந்தவருக்குத் தொந்தரவு என்றால் சத்தம்தானே ஞாபகம் வரும். நான் இரவெல்லாம் விழித்துவிட்டு வந்திருந்தேன். நாக்கு தானாகப் புரண்டது.

“சத்தம்தாங்க முதல் எதிரி. சத்தம் கேட்டா அப்படியே சுருங்கிடும்.”

அன்று தொடங்கியது பொற்காலம். என் கட்டிலுக்கு மேலே பைகள் தொங்கின. கட்டிலில் நான் கிடந்தேன். வீட்டில் செருப்புச் சத்தம் நின்றது. பூனை நடை நடந்தார். டி.வி.யில் செய்தி வாசிப்பவர் வாயை மட்டும் அசைத்தார். அக்காவின் போன் வந்தால் தெருமுனை வரை ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். குக்கர் விசில் அடிக்கப்போகும் முன்பே பாய்ந்து அடுப்பை அணைத்தார். அரை வேக்காட்டுச் சோற்றை நானும் வாயைத் திறக்காமல் தின்றேன். அந்த வீட்டில் அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். வார்டில் என் நடையே மாறிவிட்டது என்று தலைமை நர்ஸே சொன்னார்.

வைக்கோலுக்குள் வெள்ளையாக நூல் ஓடத் தொடங்கியதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பை மட்டும் பச்சைப் பூசணம் பிடித்துக் கெட்டுப்போனது. வைக்கோலைச் சரியாகப் பிழியாமல் ஈரத்தோடு அடைத்ததுதான் காரணம். சொன்னேனா? சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிள்தான் காரணம் என்று இவராகவே முடிவு கட்டினார். வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணாதே, காளான் இருக்கிறது என்று அவனிடம் போய்ச் சொன்னார். அவனும் மறுபேச்சில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கினான். ஒரு பையைப் பலி கொடுத்ததில் ஒரு மோட்டார் சைக்கிள் லாபம்.

ஓட்டைகளில் குண்டூசித் தலை போலக் காளான் எட்டிப் பார்த்த அன்று, நான் கண் விழித்தபோது இவர் கட்டிலோரத்தில் தெளிப்பானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பைகளுக்குப் பூப்போலத் தண்ணீர் தெளித்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வைக்கோலைப் பார்த்துத்தான்.

காளான் குடை விரித்ததும் காளான் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து வந்தார், பெருமை அடித்துக்கொள்ள. நான் வேலையிலிருந்து வந்து படுக்கப்போகும் நேரம். மாஸ்டர் இளவயசுக்காரர், உற்சாகமானவர், உள்ளே நுழையும்போதே சத்தமாகச் சிரித்தார். இவர் பதறிப்போய் அவருடைய வாயைப் பொத்தாத குறையாகக் கையைக் காட்டினார். காளான் சுருங்கிவிடும் என்று கிசுகிசுத்தார்.

“யார் சார் சொன்னது? காளானுக்கு ஏது காது? பக்கத்துல நின்னு மேளம் அடிச்சாலும் அதுபாட்டுக்கு வரும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டிலைப் பார்த்து, இங்கே யார் படுக்கிறது என்று கேட்டார். விரிந்த காளான் தூள் உதிர்க்கும், மூச்சோடு உள்ளே போனால் இருமல் பிடிக்கும், பைகளை உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்றார். எனக்குக் கொஞ்ச நாளாக இருமல் இருந்தது உண்மைதான். தூக்கத்துக்கு அது மலிவான விலை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் ஒரு பை காளானை அறுத்து வாங்கிக்கொண்டு, நல்ல விளைச்சல் என்று வாழ்த்திவிட்டுக் கிளம்பினார். என் தூக்கத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

இவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

“ஏன் பொய் சொன்னே?”

அந்தக் குரல் பழையபடி இருந்தது. ஜன்னல் அட்டைகூட அதிர்ந்திருக்கும். மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

“எனக்குக் காது இருக்குன்னு வருஷக்கணக்கா சொன்னேன். ஒரு நாளாவது கேட்டீங்களா? காளானுக்கு இருக்குன்னு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். உடனே செருப்பைக் கழட்டிட்டீங்க.”

அவர் கட்டில்மேல் ஏறினார். ஒவ்வொரு பையாக அவிழ்த்து மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சந்துக்கு எடுத்துப் போனார். நான் சுவரைப் பார்த்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. என் அழுகை எனக்கே சத்தமாகக் கேட்டது.

மறுநாள் காலை பயந்துகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே டி.வி.யில் யாரோ வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அதன் எதிரில் இவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, மேசையில் மூடி வைத்திருந்த டீயை மோவாயால் காட்டினார். கோபத்தில் பேசாமல் இருக்கிறாரா, எனக்காகப் பேசாமல் இருக்கிறாரா என்று ஆராய எனக்குத் தெம்பில்லை. டீயைக் குடித்துவிட்டு அறைக்குப் போனேன். கட்டிலுக்கு மேலே கயிறுகள் மட்டும் தொங்கின.

கண்ணை மூடியதும் வெளியே எதிர்வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமியது. எங்கள் காளான்கள் மாடிப்படிக்குக் கீழே குடிபோனது தெருவுக்கே தெரிந்துவிட்டது போலும், பையனுக்கு விடுதலை. வெறுங்கால் ஓசை வாசலுக்குப் போனது. கேட் திறந்தது. பிறகு இவருடைய கிசுகிசுப்பு கேட்டது. பேருந்து நிலையக்காரரின் கிசுகிசுப்பு அது, நாலு வீட்டுக்குக் கேட்கும்.

“தம்பி, வண்டியைக் கொஞ்சம் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணேன்.”

“காளானையெல்லாம் வெளியே எடுத்துட்டதாச் சொன்னாங்களே சார்?”

இவருடைய கிசுகிசுப்பு இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“எடுத்துட்டேன். ஒண்ணு மட்டும் இன்னும் உள்ளே இருக்கு.”

வண்டிச் சக்கரம் தெருமுனைப் பக்கம் உருண்டு போவது கேட்டது. என்னைக் காளான் என்று சொன்னதற்கு அப்போதே எழுந்துபோய்ச் சண்டை பிடித்திருக்க வேண்டும். தூக்கம் வந்துவிட்டது.